பன்னிரண்டாம் வாரம்

எலிக்கு எண் நாற்பத்தொன்று.
பெயர் வைக்கக் கூடாதென்பது விதி.
வைத்திருந்தேன்; சொல்ல மாட்டேன்.

உறைந்த மூளையை இருபது மைக்ரானாகச்
சீவித் தருகிறது கத்தி.
ஒவ்வொரு சீவலையும் தூரிகையால் ஒத்தியெடுத்து
கண்ணாடியில் படுக்கவைக்கிறேன்.
ஓரம் மடங்கினால் போச்சு.
வெளியே கோரிமேட்டில் மழைக்கு முந்தைய வெயில்,
உள்ளே பதினெட்டு டிகிரி, எனக்கு ஸ்வெட்டர்.

சாயம் ஊறியபின் விளக்கை அணைத்துப் பார்த்தால்
நடுவில் ஓர் ஓட்டை.
ஊசி அங்கே இருந்தது. நேற்றே உருவியாயிற்று.
இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டு
சுற்றி நிற்கின்றன விண்மீன் செல்கள்
பச்சையாய், நெருக்கியடித்து,
திருவிழாவில் கயிறு பிடிப்பவர்கள் மாதிரி.

இவை பிறகு வந்தவை.
முதல் அரைமணியில் வந்தவை சின்னவை:
கிழிந்த நாளத்தின் ரத்தத்தைத் துடைத்து
ஊசியைத் தடவிப் பார்த்து
தின்ன முடியாததைத் தின்றே தீர்ப்பதென்று
வாரக்கணக்கில் உட்கார்ந்துவிட்டன.
அவை உமிழ்ந்ததில்
பக்கத்து நரம்புசெல்கள் செத்தன.
ஊசிக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூளை இளநீர் வழுக்கை.
ஊசி சிலிக்கான்.
மூச்சு விடும்போதெல்லாம் மூளை கொஞ்சம் நகரும்,
ஊசி நகராது;
மண்டையோட்டில் பல் சிமென்ட் வைத்து
நான்தான் ஒட்டினேன்.

எங்கள் வீடு வம்பாக்கீரப்பாளையத்தில்.
முகத்துவாரத்தில் கடலுக்குள் கல் நீட்டியது
நான் பிறப்பதற்கு முன்னால்.
தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கடல் ஏறியது.
ஏறியதை நிறுத்த அங்கேயும் கல் கொட்டினார்கள்,
அதற்கும் வடக்கே ஏறியது.
கரைக்குக் கோபமெல்லாம் கிடையாது.
இதை ஆய்வறிக்கையில் எழுதினேன் ஒருமுறை.
டாக்டர் அமலோற்பவம் சிவப்பு மையில் அடித்துவிட்டு
'அளவு எங்கே?' என்று ஓரத்தில் கேட்டிருந்தார்.

லிஃப்டில் கலிவரதன்.
போன வருடம் வரை மூன்றை அமுக்கப் போனால்
இரண்டும் நான்கும் சேர்ந்து எரியும் அவர் விரலுக்கு.
இப்போது தலைக்குள் கம்பி,
காறையெலும்புக்குக் கீழே சட்டைக்குள்
தீப்பெட்டி அளவில் பேட்டரி.

'எலி எப்படி இருக்கு?'
'முடிஞ்சிது.'
'என் தலைக்குள்ளயும் வேலி கட்டியிருக்குமா?'
'கட்டியிருக்கும். ஆனா எலிக்கு வச்சது கேக்குற ஊசி,
வேலி வந்தா அதுக்குக் காது அடைச்சிடும்.
உங்களுது பேசுற ஊசி.
கொஞ்சம் சத்தமா வச்சா போதும்.'

'அதான் ஜனவரியில ஏத்தி வச்சாங்களா,'
என்று மார்பைத் தொட்டுக்கொண்டார்.
முதல் மாடி. யாரும் ஏறவில்லை.

'வலிக்குமா அதுக்கு?'
'மூளைக்கு வலி தெரியாதுண்ணே.'
கதவு மூடுகிறவரை யோசித்தார்.
'தெரியாமலே இவ்ளோ பண்ணுதா?'

பதில் சொல்வதற்குள் மூன்று வந்துவிட்டது.

மாலை, கடைசிக் கண்ணாடி.
ஓட்டையிலிருந்து வெளிப்பக்கமாய் எண்ணிக்கொண்டே போகிறேன்.
ஐம்பது மைக்ரான் வரை அநேகமாகக் காலி.
நூற்று நாற்பதில்,
பச்சை வேலிக்கு அப்புறம்,
முழுசாய் ஒரு நரம்புசெல்.
கிளைகூட முறியவில்லை.
ஐந்தாம் வாரம் பதிவிலிருந்து மறைந்த குரல்
இதனுடையதாக இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.
நாங்கள் 'அடங்கியது' என்று எழுதியிருந்தோம்.

அதன்பிறகும் ஏழு வாரம்
யாருக்கும் கேட்காமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

உயிருள்ளவை என்ற கட்டத்தில்
ஒரு கோடு போட்டுவிட்டு
ஸ்வெட்டரைக் கழற்றுகிறேன்.